ஹைப்ரிட் காரில் புது ஸ்டீரியோ: பயம் ஒரு பக்கம், சிக்கல் வேறு பக்கம்

ஹைப்ரிட் காரில் வேறு ஸ்டீரியோ மாட்டலாமா என்று யோசிக்கிறவருக்கு முதலில் எழும் கேள்வி, "ஷாக் அடிக்காதா?" கேள்வி நியாயமானதுதான். பின் இருக்கைக்கு அடியிலோ டிக்கியிலோ 200 வோல்ட்டைத் தொடும் பேட்டரி உட்கார்ந்திருக்கும் வண்டி அது. ஆனால் ஸ்டீரியோவுக்கும் அந்தப் பேட்டரிக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. சாதாரண பெட்ரோல் காரைப் போலவே இங்கும் ஸ்டீரியோ ஓடுவது 12 வோல்ட்டில்தான். ஹைப்ரிட்டில் இந்த வேலை கெட்டுப்போவது பெரும்பாலும் வேறு இரண்டு இடங்களில்: ஒன்று, அளவில் சிறிய 12 வோல்ட் பேட்டரி, மற்றொன்று, கம்பெனி திரை வழியாகப் போய்வரும் வண்டித் தகவல்கள். இந்த இரண்டும் புரிந்துவிட்டால் மிச்சமெல்லாம் எந்தக் காரிலும் செய்கிற வயரிங் வேலைதான்.

ஒரே வண்டியில் இரண்டு மின்சாரம்

டொயோட்டா பிரியஸின் இரண்டாம் தலைமுறையை எடுத்துக்கொள்வோம். அதன் பெரிய பேட்டரியில் 7.2 வோல்ட் மாட்யூல்கள் 28 வரிசையாக இணைக்கப்பட்டுள்ளன. மொத்தம் 201.6 வோல்ட். மோட்டாருக்குப் போகுமுன் அதை 500 வோல்ட் வரை உயர்த்துகிறார்கள். உயிரைப் பறிக்கக்கூடிய மின்சாரம், சந்தேகமே இல்லை.

ஆனால் அது தனி வளையத்தில் ஓடுகிறது. 12 வோல்ட் பகுதியில் காரின் உலோக உடம்பே நெகட்டிவ். எங்கே எர்த் கொடுத்தாலும் சர்க்யூட் முழுமையாகும். உயர் மின்னழுத்தப் பகுதியில் அப்படிக் கிடையாது. அதன் பாசிட்டிவ், நெகட்டிவ் இரண்டுமே பாடியிலிருந்து பிரித்து வைக்கப்பட்டவை. கசிவு ஏற்பட்டால் வண்டியே கண்டுபிடித்து எச்சரிக்கை விளக்கு போடும். இரண்டு பகுதிகளும் சந்திக்கும் இடம் டிசி-டிசி கன்வெர்ட்டர் என்ற பெட்டி. பெரிய பேட்டரியிலிருந்து மின்சாரம் எடுத்து, 14 வோல்ட் அளவுக்கு இறக்கி, சின்ன பேட்டரியைச் சார்ஜ் செய்வது அதன் வேலை. சாதாரண காரில் ஆல்டர்னேட்டர் செய்வதை இங்கே இது செய்கிறது.

உயர் மின்னழுத்தக் கேபிள்களுக்கு ஆரஞ்சு நிற உறை. பேட்டரிக்கும் இன்ஜின் அறைக்கும் நடுவே, பெரும்பாலும் வண்டியின் அடிப்பகுதி வழியாகப் போகும். ஸ்டீரியோ இருக்கும் டேஷ்போர்டு நடுப்பகுதிக்கு அவை வருவதில்லை. எங்கேயாவது விரல் தடிமனில் ஆரஞ்சு கேபிளைக் கண்டால் வேலை தவறான இடத்தில் நடக்கிறது என்று அர்த்தம், கையை எடுத்துவிடுங்கள். இதில் ஒரு சின்ன வேடிக்கை உண்டு. புது ஸ்டீரியோவின் வயர் கட்டிலும் ஒரு மெல்லிய ஆரஞ்சு வயர் இருக்கும். அது ஹெட்லைட் போட்டதும் திரை வெளிச்சத்தைக் குறைக்கும் சிக்னல் வயர், அவ்வளவுதான். அதைப் பார்த்துப் பதற வேண்டாம்.

டேஷ்போர்டுக்குள் உண்மையில் மரியாதை கொடுக்க வேண்டிய நிறம் மஞ்சள். மஞ்சள் கப்ளர் (வயர்களை இணைக்கும் பிளக்), மஞ்சள் உறை என்றால் ஏர்பேக் வயரிங். அதை அளக்கக் கூடாது, அதிலிருந்து மின்சாரம் எடுக்கக் கூடாது, டெஸ்ட் லேம்ப் வைக்கவே கூடாது.

சின்ன பேட்டரி, பெரிய தலைவலி

சாதாரண காரில் 12 வோல்ட் பேட்டரிதான் ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுழற்றுகிறது. அந்தக் கணத்தில் நூற்றுக்கணக்கான ஆம்பியர் வேண்டும் என்பதால் பேட்டரியும் பெரிதாக இருக்கும். ஃபுல் ஹைப்ரிட்டில் இன்ஜினைச் சுழற்றுவது பெரிய பேட்டரியில் ஓடும் மோட்டார்-ஜெனரேட்டர். வண்டியைக் கிளப்புவதில் 12 வோல்ட் பேட்டரிக்கு வேலை இரண்டே: வண்டியின் கம்ப்யூட்டர்களை எழுப்புவது, பெரிய பேட்டரியை இணைக்கும் ரிலேக்களை, அதாவது மின்சாரத்தில் இயங்கும் ஸ்விட்சுகளை, மூடி இணைப்பது. அதற்குச் சின்ன பேட்டரி போதும். 35 ஆம்பியர்-மணி அளவில் வைத்திருக்கும் வண்டிகள் உண்டு.

இதில் ஸ்டீரியோவுக்கு ஒரு லாபமும் இருக்கிறது. இன்ஜின் ஸ்டார்ட் ஆகும்போது 12 வோல்ட் தடாலென்று சரிவதில்லை. திரை அணைந்து மறுபடி எழும் தொந்தரவும் இல்லை. இன்ஜின் பத்து தடவை நின்று ஓடினாலும் பாட்டு தடைபடாது. 12 வோல்ட் ஸ்டார்ட்டரையே நம்பும் மைல்டு ஹைப்ரிட் வண்டிகளில் நிலைமை வேறு. அங்கே சிக்னலில் இன்ஜின் நின்று மறுபடி எழும்போது மின்னழுத்தம் குறையக்கூடும்.

நஷ்டம் என்ன? சின்ன பேட்டரி இறங்கிவிட்டால், பெரிய பேட்டரி நிறைய இருந்தும் வண்டி நகராது. ரிலேவை மூட ஆள் இல்லை. ஸ்டீரியோ மாட்டிய மறுநாள் காலை "வண்டியே செத்துவிட்டது" என்ற புகார் வந்தால் பெரும்பாலும் காரணம் இதுதான், வேறு எதுவும் எரிந்திருக்காது.

பவர் பட்டனின் நிலைகளையும் இங்கேயே புரிந்துகொள்ள வேண்டும். பிரேக்கை மிதிக்காமல் பட்டனை ஒருமுறை அழுத்தினால் ஆக்ஸசரி, இரண்டாம் முறை ஆன். பிரேக்கை மிதித்து அழுத்தினால் ரெடி. பெரும்பாலான வண்டிகளில் ஏற்பாடு இதுதான். டிசி-டிசி கன்வெர்ட்டர் வேலை செய்வது ரெடி நிலையில். ஆக்ஸசரியிலும் ஆனிலும் எல்லாச் சுமையும் சின்ன பேட்டரி தலையில்தான். ஆன் நிலையில் ஸ்டீரியோ மட்டுமல்ல, வண்டியின் கம்ப்யூட்டர் கூட்டம் முழுவதும் விழித்திருக்கும். புது ஸ்டீரியோவின் மெனுவை ஆராய்ந்துகொண்டு ஒரு மணி நேரம் ஆனில் உட்கார்ந்தால், பாதி தேய்ந்த பேட்டரி அதிலேயே படுத்துவிடும். செட்டிங் பார்க்க வேண்டுமா, ரெடியில் வைத்துப் பாருங்கள். ஆனால் ரெடி என்றால் இன்ஜின் எந்த நொடியும் தானாக ஓடத் தொடங்கலாம். மூடிய கராஜில் இது உயிருக்கே ஆபத்து. புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது. கதவைத் திறந்து வைத்து, பார்க்கிங் பிரேக்கைப் போட்டுவிட்டுத்தான் ரெடி.

ஹூண்டாய், கியா ஹைப்ரிட்களில் சிலவற்றில் தனி ஈய பேட்டரியே கிடையாது. 12 வோல்ட் லித்தியம் செல்களைப் பெரிய பேட்டரிப் பெட்டிக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். சார்ஜ் மிகவும் இறங்கினால் அது தன்னைத்தானே துண்டித்துக்கொள்ளும். டேஷ்போர்டில் உள்ள ரீசெட் பட்டனை அழுத்தினால் திரும்ப வரும். இப்படிப்பட்ட வண்டியில் 12 வோல்ட்டை எப்படித் துண்டிப்பது என்பதை வண்டியின் சர்வீஸ் கையேட்டைப் பார்க்காமல் தொடக் கூடாது.

வாங்குவதற்கு முன்: கம்பெனி திரை என்னென்ன வேலை செய்கிறது?

காசு கொடுக்கும் முன் அரை மணி நேரம் வண்டியில் உட்கார்ந்து, இருக்கும் திரையின் எல்லா மெனுவையும் திறந்து பாருங்கள். பேட்டரிக்கும் இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் நடுவே சக்தி எப்படிப் போகிறது என்று காட்டும் படம், மைலேஜ் கணக்கு, ஏசி அமைப்பு, பின்பக்கக் கேமரா, பார்க்கிங் சென்சார், கதவுப் பூட்டு செட்டிங். இவற்றில் எது ஸ்டீரியோ பெட்டிக்குள்ளிருந்து வருகிறது, எது ஸ்பீடோமீட்டர் பக்கத்திலிருந்து வருகிறது என்று பிரித்து எழுதிக்கொள்ளுங்கள். பெட்டியைக் கழற்றினால் முதல் வகை எல்லாம் போய்விடும். ஏசியையே திரையில் தொட்டு இயக்கும் வண்டியாக இருந்தால், அதற்கென்றே தயாரித்த மாற்றுப் பெட்டியும் கேன் பஸ் டீகோடரும் (வண்டியின் கம்ப்யூட்டர்கள் பேசிக்கொள்வதைப் புது ஸ்டீரியோவுக்குப் புரியவைக்கும் கருவி) இல்லாமல் வேலையில் இறங்கக் கூடாது. சில வண்டிகளில் திரையும் ரேடியோவும் இரண்டு தனிப் பெட்டிகள். அங்கே ரேடியோவை மட்டும் மாற்றித் திரையை விட்டுவைக்கலாம், ஆனால் திரையில் வரும் ஆடியோ பொத்தான்கள் பிறகு வேலை செய்யாது.

நேர்மையாகச் சொன்னால், சில புதிய ஹைப்ரிட்களில் கம்பெனி பெட்டியை அப்படியே விட்டுவிட்டு, ஸ்பீக்கரை மட்டும் மாற்றி ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையர் சேர்ப்பதுதான் புத்திசாலித்தனம். ஒலி முன்னேற்றத்தில் பெரும்பங்கு அங்கிருந்துதான் வருகிறது.

அளவு விஷயம். ஸ்டீரியோ முகப்பு சிங்கிள் டின் என்றால் 180 × 50 மி.மீ., டபுள் டின் என்றால் 180 × 100 மி.மீ. டொயோட்டா வண்டிகள் பலவற்றில் துளை 200 மி.மீ. அகலம், அங்கே 180 மி.மீ. பெட்டியைப் போட்டால் இரு பக்கமும் இடைவெளி தெரியும், அதற்குப் பக்கப்பட்டை வேண்டும். முகப்பு அளவைப் பார்த்துவிட்டுப் பின்னால் உள்ள ஆழத்தைப் பார்க்க மறந்துவிடுவார்கள் பலர். பெட்டியின் ஆழத்தோடு, பின்னால் கப்ளர்களும் வயர்களும் மடங்க 5 செ.மீ.யாவது கூட வேண்டும். இல்லாவிட்டால் பெட்டியை அழுத்தித் திணிக்கும்போது ஏதோ ஒரு வயர் நசுங்கும்.

வண்டியில் கம்பெனி ஆம்ப்ளிஃபையர் தனியாக இருக்கிறதா என்பதையும் முன்கூட்டியே கண்டுபிடியுங்கள். ஸ்பீக்கர் கிரில்லில் ஒலி நிறுவனத்தின் பெயர் இருந்தால் அநேகமாக இருக்கும். அப்படியானால் வாங்க வேண்டிய ஹார்னஸே (ஸ்டீரியோவை வண்டியோடு இணைக்கும் வயர் கட்டு) வேறு.

பட்டியல் இவ்வளவுதான்: ஸ்டீரியோ, வண்டி மாடலுக்கான ஃப்ரேம், வண்டியின் கப்ளரில் நேராகச் செருகும் ஹார்னஸ் அடாப்டர், ஆன்டெனா அடாப்டர், ஸ்டீயரிங் பொத்தான்களுக்கான இன்டர்ஃபேஸ், தேவைப்பட்டால் கேமரா, யுஎஸ்பி அடாப்டர்கள். கருவிகளில் பிளாஸ்டிக் நெம்பி, ஸ்டார் ஸ்குரூடிரைவர், 8 மற்றும் 10 மி.மீ. சாக்கெட், கிரிம்பிங் பிளையர், ஹீட் ஷ்ரிங்க் டியூப், மல்டிமீட்டர். மல்டிமீட்டர் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்காதீர்கள்.

வயரிங்கை மேசையில் முடியுங்கள்

ஸ்டீரியோவோடு வரும் வயர் கட்டையும் வண்டிக்கான ஹார்னஸ் அடாப்டரையும் வீட்டு மேசையில் உட்கார்ந்து இணைத்துவிட வேண்டும். வண்டிக்குள் குனிந்து வயர் உரிக்கும் நிலைமை வரவே கூடாது. வண்டியின் அசல் கப்ளரை வெட்டவும் கூடாது. வெட்டினால் பழைய பெட்டியைத் திரும்ப மாட்டும் வழி அடைந்துவிடும்.

வெளிச் சந்தை ஸ்டீரியோக்களில் பெரும்பாலும் புழங்கும் நிறங்கள்:

மஞ்சள் (ஏர்பேக் மஞ்சள் வேறு, இது ஸ்டீரியோவின் வயர்): எப்போதும் இருக்கும் 12 வோல்ட். நினைவகத்துக்கும் மெயின் பவருக்கும்.
சிவப்பு: ஆக்ஸசரி. பெட்டியை எழுப்புவது இதுதான்.
கறுப்பு: எர்த்.
நீலம்: ஆன்டெனா பவர். நீலத்தில் வெள்ளைக் கோடு: ஆம்ப்ளிஃபையரை ஆன் செய்யும் சிக்னல்.
ஆரஞ்சு: விளக்கு வெளிச்சச் சிக்னல்.
வெள்ளை: முன் இடது ஸ்பீக்கர். சாம்பல்: முன் வலது. பச்சை: பின் இடது. ஊதா: பின் வலது. ஒவ்வொன்றிலும் கறுப்புக் கோடு உள்ளது நெகட்டிவ்.
இளம்பச்சை: பார்க்கிங் பிரேக். ஊதாவில் வெள்ளைக் கோடு: ரிவர்ஸ் சிக்னல்.

மலிவான ஆண்ட்ராய்டு பெட்டிகளில் இந்த ஒழுங்கு மாறியிருக்கும். நிறத்தைவிட, பெட்டி மேல் ஒட்டியிருக்கும் படத்தை நம்புங்கள். மஞ்சளையும் சிவப்பையும் மாற்றிக் கொடுத்தால் பாட்டு வரும், ஆனால் ஒவ்வொரு முறை வண்டியை அணைக்கும்போதும் ஸ்டேஷன் நினைவெல்லாம் அழியும். இரண்டையும் ஒன்றாக முறுக்கி நிரந்தர 12 வோல்ட்டில் கொடுப்பது இன்னும் மோசம்: பெட்டி இரவெல்லாம் விழித்திருந்து சின்ன பேட்டரியைக் குடித்துவிடும். பெட்ரோல் காரில் இந்தத் தவறு சில நாள் மறைந்திருக்கலாம். ஹைப்ரிட்டில் மறுநாளே தெரியும்.

இணைப்புக்கு நல்ல கிரிம்ப் ஸ்லீவ் அல்லது சால்டர், மேலே ஹீட் ஷ்ரிங்க். வெறுமனே முறுக்கி டேப் சுற்றினால் டேஷ்போர்டின் வெயில் சூட்டில் டேப் பசை இளகி அவிழும். வயரைக் கவ்விக் குத்தும் கனெக்டர் வேண்டவே வேண்டாம்; அதிர்வில் தளர்ந்து, பிடி கொடுக்காத விட்டுவிட்டு வரும் கோளாறுகளைத் தரும். ஸ்பீக்கர் நெகட்டிவ் எதையும் பாடியில் கொடுக்கக் கூடாது. இன்றைய பெட்டிகளில் ஸ்பீக்கரின் இரண்டு முனையிலும் மின்னழுத்தம் இருக்கும். ஒன்றை எர்த் செய்தால் உள் ஆம்ப்ளிஃபையர் சிப் போய்விடும்.

கம்பெனி கேமராவை வைத்துக்கொள்ள நினைத்தால் அதன் மின்னழுத்தத்தை அளந்து பாருங்கள். டொயோட்டா உட்படச் சில நிறுவனங்களின் கேமராக்கள் 6 வோல்ட்டில் ஓடுபவை. 12 வோல்ட் கொடுத்தால் ஒரே தடவைதான் படம் காட்டும்.

கழற்றுவதும் மாட்டுவதும்

வேலைக்கு முன் கியரை பார்க் நிலையில் வைத்து, பார்க்கிங் பிரேக் போட்டு, ஜன்னல் ஒன்றை இறக்கிவிடுங்கள். பவரை முழுதாக அணையுங்கள். சாவி ரிமோட்டை வண்டியிலிருந்து நான்கைந்து மீட்டர் தள்ளி வையுங்கள்; அருகில் இருந்தால் வண்டியின் கம்ப்யூட்டர்கள் தூங்குவதில்லை.

அடுத்து 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவ் டெர்மினல். பல ஹைப்ரிட்களில் இது டிக்கியின் ஓரத்தில் இருக்கும். இங்கே ஒரு பொறி: டிக்கிப் பூட்டு மின்சாரத்தில் திறப்பதாக இருந்தால், பேட்டரியைக் கழற்றிய பின் டிக்கியை மூடிவிடக் கூடாது. மூடினால் பேட்டரி உள்ளே, நீங்கள் வெளியே. பின் இருக்கை வழியாகத் தவழ்ந்து போய்த்தான் திறக்க வேண்டியிருக்கும். வண்டிக்குள் வைத்த பேட்டரியில் வாயுவை வெளியேற்றும் சின்னக் குழாய் ஒன்று இருக்கும். பேட்டரியை அசைத்தால் அது கழன்றிருக்கிறதா பாருங்கள்.

கழற்றியதும் காத்திருங்கள். ஏர்பேக் அமைப்பில் கொஞ்ச நேரம் மின்சாரம் தங்கியிருக்கும். டொயோட்டா 90 விநாடி சொல்கிறது, ஹோண்டா 3 நிமிடம். எந்த வண்டியானாலும் ஐந்து நிமிடம் விட்டுவிடுவது நல்லது. ஆரஞ்சு பிடி கொண்ட உயர் மின்னழுத்த சர்வீஸ் பிளக்கைக் கழற்ற வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். வேண்டாம். ஸ்டீரியோ வேலைக்கு அது தேவையில்லை; தேவையில்லாமல் அதைத் தொடுவதுதான் ஆபத்து.

பேனலை நெம்பும்போது ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். கிளிப்புகள் நேராக இழுத்தால்தான் விடும். பக்கவாட்டில் திருகினால் உடையும். குளிர்ந்த பிளாஸ்டிக் எளிதில் உடையும் என்பதால் வண்டி கொஞ்சம் சூடாக இருக்கும்போது செய்வது சுலபம். பேனலின் பின்னால் ஹசார்ட் ஸ்விட்ச், பயணி ஏர்பேக் விளக்கு போன்றவற்றின் கப்ளர்கள் இருக்கும். கழற்றுமுன் ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். பெட்டியை நான்கு 10 மி.மீ. போல்ட்டுகளோ, சில வண்டிகளில் வெறும் கிளிப்புகளோ பிடித்திருக்கும்.

புதுப் பெட்டியில் ஃப்ரேமை மாட்டி, மேசையில் தயார் செய்த ஹார்னஸைச் செருகி, ஆன்டெனா, கேமரா, யுஎஸ்பி எல்லாம் இணைத்து, பெட்டியைத் துளைக்குள் முழுதாகத் தள்ளாமல் பாதியில் நிறுத்துங்கள். ஜிபிஎஸ் ஆன்டெனாவை டேஷ்போர்டின் மேல்தோலுக்கு அடியில் தட்டையாக வைக்கலாம், உலோகம் மேலே மறைக்காமல் இருந்தால் போதும். மைக்கை ஸ்டீயரிங் கம்பத்தின் மேலோ முன் தூணிலோ வையுங்கள். தூணில் ஏர்பேக் இருந்தால் வயர் அதன் முன்னால் குறுக்கே போகக் கூடாது, பின்னால் போக வேண்டும்.

பார்க்கிங் பிரேக் வயரைச் சும்மா எர்த் செய்து ஏமாற்றும் பழக்கம் பரவலாக இருக்கிறது. ஓட்டுகிறவர் முன்னால் வீடியோ ஓடுவதைத் தடுக்கத்தான் அந்த வயர். ஒழுங்காக இணையுங்கள்.

பேட்டரியைத் திரும்ப இணைக்கும் முன் கழற்றிய எல்லாக் கப்ளர்களும் செருகப்பட்டிருக்க வேண்டும், பேனல் தொங்கிக்கொண்டிருந்தாலும் சரி. ஏர்பேக் தொடர்பான கப்ளர் ஒன்று வெளியே இருக்கும்போது பவர் போட்டால் எச்சரிக்கை விளக்கு எரியும். பிறகு அதை அணைக்க ஸ்கேனர் தேவைப்படலாம். பேட்டரியைத் தலைகீழாக இணைப்பது ஹைப்ரிட்டில் விலை உயர்ந்த தவறு, டிசி-டிசி கன்வெர்ட்டர் வரைக்கும் பாதிக்கும். பிளஸ், மைனஸ் குறியை இரண்டு முறை பார்த்து நெகட்டிவ்வை மாட்டுங்கள். ஜன்னல் கண்ணாடியின் தானியங்கி இயக்கம் மறந்திருந்தால், பல வண்டிகளில் ஸ்விட்சைப் பிடித்துக் கண்ணாடியை முழுதாக ஏற்றி, இரண்டு விநாடி அப்படியே வைத்திருந்தால் திரும்பிவிடும்.

பாட்டு வராவிட்டால், அல்லது வந்தும் சரியில்லாவிட்டால்

திரை எழுகிறது, சத்தம் மட்டும் இல்லை என்றால், கம்பெனி ஆம்ப்ளிஃபையர் உள்ள வண்டியில் பெரும்பாலும் அதுதான் தூங்குகிறது. நீல-வெள்ளை வயர் அடாப்டரில் அதற்கான முனையோடு சேர்ந்திருக்கிறதா பாருங்கள்.

எஃப்எம்மில் கரகரப்பு மட்டுமே கேட்கிறது என்றால் ஆன்டெனாவை மாற்ற ஓடாதீர்கள். கண்ணாடியில் பதித்த ஆன்டெனாவும் கூரைமேல் உள்ள குட்டை ஆன்டெனாவும் உள்ளே ஒரு சிறு ஆம்ப்ளிஃபையரை நம்பி இயங்குகின்றன. அதற்கு 12 வோல்ட் போக வேண்டும். ஆன்டெனா அடாப்டரிலிருந்து ஒரு நீல வயர் நீட்டிக்கொண்டிருக்கும், அதை ஸ்டீரியோவின் நீல வயரோடு சேர்க்க மறந்திருப்பார்கள். அடிக்கடி நடக்கும் தவறு இது.

ஏஎம் அலைவரிசையில் இரைச்சல் என்பது தனிக்கதை. பேட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு மாற்றித் தரும் இன்வெர்ட்டரும் டிசி-டிசி கன்வெர்ட்டரும் மின்சாரத்தை வேகமாக வெட்டி வெட்டி இணைக்கும் கருவிகள். அந்த வெட்டலின் இரைச்சல் ஏஎம் அலைவரிசையில் விழும். பழைய பெட்டியில் இந்தத் தொல்லை இல்லாமல் இருந்து புதுப் பெட்டியில் வந்தால், ஆன்டெனா பிளக் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா, அதன் வெளி உறைக்கு எர்த் சரியாகக் கிடைக்கிறதா என்று பார்க்கலாம். அதற்கு மேலும் மிச்சம் இருப்பது வண்டியோடு வந்தது.

ஆக்ஸிலரேட்டருக்கு ஏற்ப ஏறி இறங்கும் மெல்லிய விசில், தனி ஆம்ப்ளிஃபையர் போட்ட வண்டிகளில் வரும். ஸ்டீரியோவும் ஆம்ப்ளிஃபையரும் வெவ்வேறு இடத்தில் எர்த் எடுப்பதாலும், ஒலி சிக்னலை ஆம்ப்ளிஃபையருக்குக் கொண்டுபோகும் ஆர்சிஏ கேபிள் பவர் வயரோடு உரசிக்கொண்டு போவதாலும் வருவது இது. ஹைப்ரிட்டில் இன்ஜின் ஓடாதபோது உள்ளே அவ்வளவு அமைதி என்பதால், மற்ற காரில் காதில் விழாத விசில்கூட இங்கே தெளிவாகக் கேட்கும். பவர் வயரை ஒரு பக்கமும் ஆர்சிஏவை மறுபக்கமும் கொண்டுபோய், ஆம்ப்ளிஃபையர் எர்த்தில் பெயின்டைச் சுரண்டிப் பளபளக்கும் உலோகத்தில் முறுக்கினால் பாதிக்குமேல் தீரும்.

பாஸ் மட்டும் காணாமல் போனால் ஏதோ ஒரு ஸ்பீக்கரில் பிளஸ், மைனஸ் மாறியிருக்கிறது. ஸ்டீரியோவின் பேலன்ஸை முழுதாக ஒரு பக்கம் தள்ளும்போது பாஸ் கூடினால் உறுதி.

ஆம்ப்ளிஃபையர் சேர்ப்பவர்களுக்கு

பெட்டிமேல் 50 வாட் × 4 என்று போட்டிருக்கும். பின்னால் உள்ள ஃபியூஸ் 10 ஆம்பியர் என்றால் 14 வோல்ட்டில் உள்ளே போவதே 140 வாட்தான். 200 எப்படி வெளியே வரும்? தொடர்ந்து கொடுக்கக்கூடியது சேனலுக்கு 20 வாட் பக்கம். அதனால்தான் ஆம்ப்ளிஃபையர் தேடுகிறார்கள்.

ஹைப்ரிட்டுக்கு, மின்சாரத்தைக் குறைவாக வீணாக்கும் கிளாஸ் டி வகை ஆம்ப்ளிஃபையரையே எடுங்கள். தொடர்ச்சியாக 300 வாட் கொடுக்கும் கிளாஸ் டி, 85 சதவீதத் திறனில் முழு வேகத்தில் சுமார் 26 ஆம்பியர் இழுக்கும். அதே 300 வாட் கிளாஸ் ஏபி வகையில், 55 சதவீதத் திறன் என்று வைத்தால் 40 ஆம்பியர் ஆகிவிடும். டிசி-டிசி கன்வெர்ட்டர் அளவாகக் கொடுப்பது. ஹெட்லைட், பிரேக் பம்ப், ஃபேன், கம்ப்யூட்டர் எல்லாம் அதே குழாயில் தண்ணீர் குடிப்பவை. இரண்டாயிரம் வாட் ஆசை இருந்தால் ஹைப்ரிட் அதற்கான வண்டியல்ல.

பேட்டரி டிக்கியில் இருப்பது இங்கே வசதி, பவர் வயர் ஒரு மீட்டரில் முடிந்துவிடும். பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் ஃபியூஸ் போட வேண்டும். பேட்டரி நெகட்டிவ்வில் மின்னோட்ட சென்சார் உள்ள வண்டிகளில் எர்த்தைப் பேட்டரி முனையில் நேராகக் கொடுத்தால் சென்சாரின் கணக்கு தப்பும், பாடியில் கொடுங்கள். பெரிய பேட்டரியைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளை எர்த்துக்குப் பயன்படுத்தக் கூடாது. தரையில் துளை போடவும் கூடாது, அடியில் ஆரஞ்சு கேபிள் ஓடிக்கொண்டிருக்கலாம்.

இன்னொன்று பலருக்கும் தெரியாது. பின் இருக்கை ஓரத்தில் சல்லடை போல ஒரு காற்று வழி இருந்தால் அது பெரிய பேட்டரி குளிர மூச்சுவிடும் மூக்கு. சப்வூஃபர் பெட்டியோ கார்பெட்டோ அதை அடைத்தால் பேட்டரி சூடேறி ஆயுள் குறையும்.

கடைசிப் பரிசோதனை: இரவில் எவ்வளவு குடிக்கிறது?

எல்லாம் பாடுகிறது என்றதும் பேனலை மூடத் தோன்றும். அதற்குமுன் தூங்கும் மின்னோட்டத்தை அளந்துவிடுங்கள். அணைத்த வண்டியில் 50 மில்லிஆம்பியருக்குள் இருப்பது பொதுவான எல்லை. அந்த வேகத்தில் நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி போகும். 35 ஆம்பியர்-மணி பேட்டரி பாதியாகக் குறைய இரண்டு வாரம். சில ஆண்ட்ராய்டு பெட்டிகள் சீக்கிரம் எழுவதற்காக அணையாமல் அரைத்தூக்கத்தில் இருக்கும். அதனால் 200 மில்லிஆம்பியர் ஆகிவிட்டால் நாளைக்கு 4.8 ஆம்பியர்-மணி, நான்கு நாளுக்குள் பாதி காலி.

அளக்கும் முறை: பானெட்டையோ டிக்கியையோ திறந்து, அதன் பூட்டை ஸ்குரூடிரைவரால் அழுத்தி மூடியது போலக் காட்டுங்கள். சாவியைத் தள்ளி வையுங்கள். மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் முனையிலும் மறு முனையைக் கேபிள் கிளாம்ப்பிலும் பிடித்துக்கொண்டே கிளாம்ப்பைக் கழற்றுங்கள். மின்சாரம் இப்போது மீட்டர் வழியாகப் போகும். முதலில் சில ஆம்பியர் காட்டும், பதற வேண்டாம், கம்ப்யூட்டர்கள் விழித்திருக்கின்றன. அரை மணி நேரம் விடுங்கள். இடையில் கதவைத் திறந்தாலோ பவர் பட்டனைத் தொட்டாலோ மீட்டரின் ஃபியூஸ் போய்விடலாம்.

எண் இறங்கவில்லை என்றால் ஸ்டீரியோவின் ஃபியூஸைப் பிடுங்கிப் பாருங்கள். அதோடு எண் விழுந்தால் குற்றவாளி பெட்டிதான்: செட்டிங்கில் ஸ்லீப் நேரத்தைக் குறைத்து அல்லது உடனே அணையும்படி மாற்றி மறுபடி அளக்க வேண்டும். விழாவிட்டால் கேன் பஸ் டீகோடரையோ, ஆம்ப்ளிஃபையரின் நீல-வெள்ளை வயரில் மின்சாரம் நிற்கிறதா என்பதையோ பார்க்க வேண்டும். 50-க்குக் கீழே வந்து அசையாமல் நின்றதும் கிளாம்ப்பை முறுக்கி, பெட்டியை உள்ளே தள்ளி, போல்ட்டுகளைப் போட்டு, பேனலின் கிளிப்புகளை ஒவ்வொன்றாக அழுத்தி மூடலாம்.